சேவையர் தாண்ட தரவை

உள்ளுக்கு வாங்கோ தம்பி, வாங்கோ. கதவை இழுத்துச் சாத்துங்கோ, இல்லாட்டி இந்தக் காத்து மிட்டாய்ப் பெட்டியெல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போயிடும். என்ன முழிக்கிறியள்? ஓம், தமிழ்தான். புங்குடுதீவு. எங்கட ஊர்ச்சனம் கடை போடாத இடம் உலகத்தில இல்லை, இந்தத் தீவு மட்டும் என்ன பாவம் செய்தது? நீங்கள் இந்தியாவோ? திருச்சியோ? நல்லது, நல்லது. ஸ்கொட்லாந்தின்ர இந்த மூலைக்கு ஒரு தமிழ் முகம் வந்து கன நாளாச்சு. இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். கப்பல் பின்னேரம்தானே.

என்ன தேடுறியள்? நட்ட கல்லுகளோ? அந்த மேப்பை இஞ்ச காட்டுங்கோ பாப்பம். ம்ம். உங்கட விரல் எங்க நிக்குது எண்டு பாருங்கோ. மேல இந்தத் தீவுச் சனத்தின்ர கேலிக் பாசையில போட்டிருக்கு, கீழ இங்கிலீசில போட்டிருக்கு. தமிழில சொன்னால் 'சேவையர் தாண்ட தரவை'. சேவையர் எண்டால் காணி அளக்கிறவர், நீங்கள் சர்வேயர் எண்டுவியள். தாண்டது எண்டால் சேத்துக்குள்ள போனது. தரவை எண்டால் மழைத்தண்ணி நிண்டு, பேந்து ஆடு மாடு மேயிற வெளி. கல்லு ஐஞ்சும் அந்த வெளிக்கு நடுவிலதான் நிக்குது.

குறை நினைக்காதேங்கோ தம்பி, அந்தப் பேரை மட்டும் என்ர கடைக்குள்ள சொல்லாதேங்கோ. அது களவு போன இடம். அந்த இடத்துக்கு முதலே ஒரு பேர் இருந்தது, அது என்ர சாரத்தின்ர பேர். ஓம், சாரம். உங்கட லுங்கி. சிரிக்காதேங்கோ. சரி, சிரியுங்கோ, எல்லாரும் சிரிச்சிட்டினம், நீங்கள் மட்டும் என்ன குறைச்சல். பாதை சொல்லுறன், ஆனால் கதையைக் கேட்டுப்போட்டுத்தான் போகவேணும். கல்லடியில நாட்டியிருக்கிற பலகையை நம்பிக்கொண்டு நீங்கள் திருச்சிக்குப் போகப்படாது.

நாங்கள் இஞ்ச வந்து இருபது வருசத்துக்கு மேல. நான் சண்முகராசா, இஞ்சத்தைச் சனத்துக்கு ஷான். மனிசி தவமணி உள்ளுக்கு ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருக்கிறா, நான் சொல்லுறதுக்கு எதிராய் ஏதாவது சத்தம் போடுவா, காதில விழுத்தாதேங்கோ. வந்த முதல் வருசம் எங்களுக்கு இஞ்சத்தை முறை ஒண்டும் தெரியாது. இந்தத் தீவில ஞாயிற்றுக்கிழமை எண்டால் ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்கப்படாது, புல்லு வெட்டப்படாது, உடுப்புக் காயப்போடப்படாது. ஆர் எனக்குச் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நாலு கிழமை, ஒரு மாசமாய், மழை பெய்து அண்டைக்கு விடியத்தான் வெயில் எறிச்சது. ஊரான் ஒருத்தன் வெயிலைக் கண்டால் என்ன செய்வான்? என்ர பச்சைக் கட்டச் சாரத்தைத் தோய்ச்சேன். பின்னால தரவையில பாத்தால் வடிவான தட்டைக் கல்லு ஒண்டு படுத்துக் கிடக்குது, கையை வைச்சால் சுடுகுது. அது ஐயாயிரம் வருசத்துக் கல்லு எண்டு நெத்தியிலயோ எழுதியிருக்கு? விரிச்சுப்போட்டு வந்திட்டன்.

தம்பி, ஊரே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேதக் கோயிலுக்குப் போகுது, முன்னால போதகர். அந்த நேரம் பாத்துக் கடலில இருந்து ஒரு காத்து. சாரம் எழும்பிச்சுது. எழும்பிப் பறந்து, வேலியைக் கடந்து, வேற எத்தினையோ சனம் வரிசையில நிக்க, நேர போய்ப் போதகற்ற தலையைச் சுத்திப் பிடிச்சிட்டுது. அந்த மனுசன் சாரத்துக்குள்ள நிண்டு ஏதோ வசனம் சொல்லுறார். நான் ஐயோ எண்டு ஓடினன். ஓடினது துவாயோட, உங்கட துண்டோட. ஏனெண்டால் காய்ஞ்ச உடுப்பு எண்டு வேற ஒண்டும் வீட்டில இல்லை. சாரத்தை உருவி எடுத்து, சொறி எண்டு மன்னிப்புக் கேட்டு, துவாயையும் பிடிச்சுக்கொண்டு திரும்பி வந்தன். ஒருத்தர் சிரிக்கேல்லை, தம்பி. ஒருத்தர்! என்ன பண்பான சனம் எண்டு தவத்துக்குச் சொன்னன். பேந்துதான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை சிரிக்கவும் கூடாதாம். திங்கட்கிழமை விடியக் கடைக்கு வந்து வரிசையில நிண்டு சிரிச்சவை.

சரி, அது முடிஞ்ச கதை எண்டு நான் மறந்துபோனன். வருசங்கள் போச்சு. மகள் ஆரணி வளந்தா, படிச்சா, கனடாப் பெடியன் ஒருத்தனைப் பிடிச்சா. இந்த வருசம் மாசியில பெடியன்ர தகப்பனார் ஃபோன் எடுத்தார். தில்லையம்பலம், ரிட்டையர்ட் சேவையர், யாழ்ப்பாணக் கச்சேரியில அரசாங்க வேலையில இருந்து, பேந்து டொரொன்டோவில இருக்கிறவர். குரலிலயே கோடு போட்ட மாதிரி நேர். "உங்கட இடத்தை ஒருக்கா வந்து பாக்கோணும், சம்பந்தி. ஆடியில வாறன். அதுக்கு முதல் உங்கட தீவின்ர நல்ல மேப் ஒண்டு அனுப்புவியளோ? மேப் பாக்காமல் நான் ஒரு இடத்துக்கும் போறேல்லை" எண்டார். விளங்குதோ? மற்ற ஆக்கள் சம்பந்தம் பேசேக்க சாதகம் கேட்பினம். இந்தாள் மேப் கேக்கிறார்.

அந்த மாசமே இஷ்பெல் எண்டு ஒரு பிள்ளை வந்து இறங்கிச்சுது. பெரிய படிப்புப் படிச்ச பிள்ளை. இந்தத் தீவில ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கேலிக் பாசையில என்ன பேர் எண்டு ஆக்களிட்டக் கேட்டுக் கேட்டுப் புது மேப் போடுறதாம், கல்லடியில பலகையும் நாட்டுறதாம். நல்ல விசயம் எண்டு நானும் பாண், பட்டர் எல்லாம் விலை குறைச்சுக் குடுத்தன். இவையும் எங்களை மாதிரித்தான், தம்பி. எங்கட ஊரில காணிக்குக் காணி பேர் இல்லையோ? அப்பிடி. இஞ்ச ஒரு கல்லுக்குப் பேர் 'டொனால்டின்ர பசு தும்மின கல்'. ஒரு வாய்க்காலுக்குப் பேர் 'ரெண்டு தரம் விழுந்த வாய்க்கால்'. ஆர் விழுந்தது, ஏன் ரெண்டாந்தரமும் அதிலயே விழுந்தது, எல்லாத்துக்கும் கதை இருக்கு.

ஒருநாள் இஷ்பெல் கவுண்டரில சாய்ஞ்சுகொண்டு, "ஷான், கல்லு நிக்கிற வெளிக்கு என்ன பேர்?" எண்டு கேட்டுது. நான் பெருமையாய்ச் சொன்னன், "லோன் அன் ஊடிக்." எனக்குத் தெரியாதோ? இருபது வருசமாய் எல்லாரும் சொல்லுறதுதானே. வாற வெள்ளைக்காரருக்கெல்லாம் நான்தான் விளக்கம் குடுக்கிறது, அது பழைய காலத்து ராசா ஒருத்தன்ர பேர், கல்லை நட்டவன் அவன்தான் எண்டு. ஆர் எனக்கு அப்பிடிச் சொன்னது எண்டு கேக்காதேங்கோ. பாக்க அப்பிடித்தான் இருந்தது. அந்தப் பிள்ளை கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சுது: "லோன் எண்டால் ஈர வெளி. ஊடிக் எண்டால் துணி. துணித் தரவை. அது உன்ர துணி, ஷான்."

இருபது வருசம்! கடைக்குப் பால் வாங்க வாறவன், தபால் கொண்டு வாறவன், எல்லாரும் என்ர முகத்துக்கு நேர நிண்டு என்ர சாரத்தைச் சொல்லியிருக்கிறாங்கள். நானும் அவங்களோட சேர்ந்து சொல்லியிருக்கிறன். அதை இனி மேப்பில போடப்போயினம், பலகையில கதையோட எழுதப்போயினம். ஆடி மாசம் தில்லையம்பலத்தார் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிக்கப்போறார். பெண்ணைப் பெத்தவன் துவாயோட ஓடின இடம் எண்டு. ஆரணியின்ர கலியாணம் என்ன ஆகிறது?

ஏன், உங்கட ஊர்க் காணிக்குப் பேர் இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு. எங்கட அப்பற்ற காணி 'நரி விழுந்தான் கலட்டி'. அது வேற. அது மரியாதையான பேர். காணி உறுதிப் பத்திரத்தில எழுதியிருக்கு.

நேர எஃபியிட்டப் போனன். எஃபி ஆர் எண்டால், அந்தத் தரவையில செம்மறி மேய்க்கிற மனிசி, எங்கட வீட்டுக்கு அடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமை தவிர வாய் மூடாத ஆள். பேர் சம்பந்தமாய் என்ன சந்தேகம் எண்டாலும் இஷ்பெல் அவவிட்டத்தான் கேக்கும். தவம் சுட்ட ரோல்ஸ் ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் வைச்சுப்போட்டுக் கேட்டன்: "எஃபி, அந்தப் பேரை மாத்திப்போடு. கல்லுத் தரவை எண்டு வை. காத்துத் தரவை எண்டு வை. என்னத்தையாவது வை."

ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு அவ சொன்னா: "பேர் நான் வைக்கிறதில்லை, ஷான். அங்க ஏதாவது நடக்கவேணும். நடந்ததைச் சனம் சொல்லவேணும். உன்ர துணியைவிடப் பெரிசாய் ஏதாவது நடந்தால் அது தன்ரபாட்டில மாறும்."

"அப்ப நான் ஏதாவது நடத்துறன்."

"நடத்தேலாது. நடக்கவேணும்."

இது என்ன விசர்க் கதை? நடத்தாமல் என்னெண்டு நடக்கும்? நான் யோசிச்சன். ஊரில கல்லு ஒண்டு நட்டு நிண்டால் அது வைரவர்தான், கேள்வியே இல்லை. வைரவர் எண்டால் வடைமாலை. இந்தத் தீவில ஐயாயிரம் வருசமாய் ஒருத்தரும் கல்லுக்கு வடைமாலை போட்டிருக்கமாட்டினம், அது எப்பிடியும் என்ர சாரத்தைவிடப் பெரிய விசயம்தானே? 'வடைமாலைத் தரவை' எண்டு பேர் வந்தால் சேவையருக்கும் பக்தியான குடும்பம் எண்டு விளங்கும். தவத்திட்டச் சொன்னன். அவ தலையில அடிச்சுக்கொண்டுதான் உழுந்து ஊறப்போட்டா.

புதன்கிழமை எல்லாரையும் வரச் சொன்னன். வந்தினம், பாவம், நல்ல சனம், மழைக்கோட்டோட வந்து நிண்டினம். மாலையைக் கல்லுக்குப் போடப் போறன், இஷ்பெல் ஓடி வந்து மறிச்சுது. கல்லைத் தொடப்படாதாம். கல்லில பிடிச்ச பாசிக்கே நூற்றுக்கணக்கில வயசாம். பாசிக்கு! அப்ப மாலையை என்ன செய்ய? நான் கல்லுக்குப் பக்கத்தில நிண்டு, ரெண்டு கையாலயும் மாலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, கண்ணை மூடித் தேவாரம் பாடினன். மூண்டாவது வரியிலயே மாலை பாரம் குறையுற மாதிரி இருந்துது. வைரவர் ஏத்துக்கொள்ளுறார் எண்டு நினைச்சன். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, பொய் சொல்லப்படாது. கண்ணைத் திறந்து பாத்தால் பின்னால எஃபியின்ர கிடாய் நிக்குது. நூல்தான் மிச்சம்.

மாலையில கோக்காமல் மிஞ்சின வடையை எல்லாரும் ருசிச்சுச் சாப்பிட்டு, தக்காளிச் சோஸ் இருக்கோ எண்டும் கேட்டுப்போட்டு வீட்டை போயிட்டினம். நான் எஃபியைப் பாத்தன். "இது போதாதோ?" எண்டன்.

"செம்மறி தின்னுறது ஒரு நடப்போ, ஷான்? அது அதின்ர வேலை."

அதுக்குப் பிறகு எனக்கு வேற வழி தெரியேல்லை. இஷ்பெல்லிட்டயே போய் நிண்டன். பிள்ளை, என்ர மகளின்ர வாழ்க்கை, தயவுசெய்து அந்தப் பேரைப் போடாதை எண்டன். அது அழுற மாதிரிப் பாத்துது. "ஷான், இந்தப் பாசையில இனிப் புதுப் பேர் பிறக்காது எண்டு எல்லாரும் முடிவு கட்டிப்போட்டினம். இந்தத் தீவு முழுக்கத் தேடினன், கடைசியாய்ப் பிறந்த பேர் உன்ரதான். எனக்கு இருக்கிற ஒரே மறுமொழி உன்ர துணி" எண்டுது. நான் சொன்னன், வேற மறுமொழி பாருங்கோ, பிள்ளை, என்ர துணியை விடுங்கோ. அழுத்தமாய்ச் சொன்னன். கையெடுத்துக் கும்பிட்டன். அது நல்ல பிள்ளை. சரி எண்டு அந்த இடத்தை வெள்ளையாய் விட்டுது. மேப் முழுக்கப் பேர், ஐஞ்சு கல்லைச் சுத்தி மட்டும் ஒண்டும் இல்லை. அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது. தவம் மட்டும் "உங்களுக்கு மண்டை பழுது" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் படுத்திட்டா.

ஆடி வந்தது, தில்லையம்பலத்தாரும் வந்தார். கழுத்துப் பட்டி, பளபளக்கிற சப்பாத்து, கையில காம்பஸ். பிட்டும் சொதியும் வைச்சால், இன்னும் அச்சடிக்காத இஷ்பெல்லின்ர மேப்பைத்தான் முதலில மேசையில விரிக்கிறார். சொதிக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு ஒவ்வொரு பேராய் விரலை வைச்சு, அர்த்தம் கேட்டுக் கேட்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்படுறார். "பசு தும்மின கல்லோ! ஆகா, சம்பந்தி, இதெல்லோ மேப்!" எண்டுறார். பேந்து விரல் நிண்டுது.

"இதென்ன வெள்ளை?"

"அங்க ஒண்டும் இல்லை, சம்பந்தி. கல்லு மட்டும்தான்."

"ஐயாயிரம் வருசம் கல்லு நிக்குது. ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"மேப்பில வெள்ளை விடப்படாது, சம்பந்தி. வெள்ளை விட்டால் அளந்தவன் போகேல்லை எண்டு அர்த்தம். நாளைக்கு நான் போய்ப் பாக்கிறன்."

நான் போகாதேங்கோ எண்டன். காத்து எண்டன், கிடாய் எண்டன். அந்தாள் கேட்டால்தானே? அடுத்த நாள் விடிய, நான் கடை திறக்க முதல், காம்பஸைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டார். காம்பஸைப் பாத்து நடக்கிறவர் நிலத்தைப் பாப்பாரோ? கல்லுக்குக் கிழக்கால ஒரு கறுத்த சேறு இருக்கு, மேல பச்சைப் புல்லு மாதிரி வடிவாய்த் தெரியும். அதில வடக்கையும் பாத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். இடுப்பு வரைக்கும் தாண்டுபோனார்.

அந்தாள் கத்தின கத்தலில தீவே எழும்பிச்சுது. எஃபி டிராக்டரைக் கொண்டு வந்தா. கமக்கட்டுக்குள்ளால கயிறு போட்டு இழுத்தம். அந்தச் சேறு ஆளை விட்டுது, ஆனால் களுசானை விடேல்லை, தம்பி. சப்பாத்தையும் விடேல்லை. மேல கழுத்துப் பட்டி, கீழ ஒண்டுமில்லை, அப்பிடியே கல்லுக்கு நடுவில கொண்டு வந்து இறக்கினம். நான் வீட்டை ஓடிப் போய் முதல் கையில பட்டதை எடுத்துக்கொண்டு வந்தன். அது எது எண்டு நினைக்கிறியள்? பச்சைக் கட்டம். தவம் அதை எறியாமல் இவ்வளவு வருசமும் அலுமாரிக்குள்ள வைச்சிருந்தா.

அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதால எல்லாரும் அங்கயே, அப்பவே சிரிச்சினம். இஷ்பெல்லும் நிண்டுது. தில்லையம்பலத்தார் என்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு, விறைச்சு நடுங்கிக்கொண்டு, எல்லாற்ற முகத்தையும் பாத்தார். கலியாணம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அப்ப அந்த மனுசனும் சிரிச்சார்! கண்ணில தண்ணி வரச் சிரிச்சார்.

சிரிப்பு அடங்க எஃபி என்னைத் திரும்பிப் பாத்தா. நல்லாய்ப் பாத்தா. பாத்துக் கேட்டா, "ஷான், இந்த இடத்துக்கு முதலே ஒரு பேர் இருந்ததெல்லோ?"

தவமும் என்னைப் பாக்கிறா. சம்பந்தியும் பாக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? "எனக்கு ஒண்டும் தெரியாது, எஃபி" எண்டன்.

"அப்பிடியோ" எண்டா. பேந்து இஷ்பெல்லிட்ட கேலிக் பாசையில ஒரு நீட்டுப் பேர் சொன்னா. பிள்ளை அப்பிடியே எழுதிச்சுது. அவ்வளவுதான், தம்பி. அவ்வளவுதான்! எஃபிக்கு என்னைத் தெரியாதோ? நான் தெரியாது எண்டால், இல்லை ஷான், உனக்குத் தெரியும் எண்டு அவ எனக்காக ரெண்டு வார்த்தை கதைச்சிருக்கலாமோ இல்லையோ? நீங்களே சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுக்காரி.

என்ன தவம்? ஒண்டுமில்லையாம். கத்தட்டும்.

இஷ்பெல் எழுதினதுக்கு அர்த்தம் சொன்னவுடன தில்லையம்பலத்தார் என்ர கையைப் பிடிச்சார். "சம்பந்தி, நாப்பது வருசம் நான் ஊர் ஊராய்க் காணி அளக்கிற செயின் இழுத்தன். எத்தினை ஆயிரம் காணிக்கு ஆற்றையோ பேரை எழுதிக் குடுத்தன். ஒரு வரம்புகூட என்ர பேரில இல்லை. இப்ப பாருங்கோ" எண்டார். அழுதே போட்டார். நல்ல மனுசன், ஒரு குறையும் சொல்லேலாது. அண்டைக்குப் பின்னேரமே கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்திருக்கவேணும்.

ஆனால் பாருங்கோ தம்பி, எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்தாள் இஞ்ச வந்து ரெண்டு நாள்! ரெண்டே நாள்! ஒருக்கா விழுந்தார், மேப்பில ஏறிப்போட்டார். நான் இருபது வருசமாய் விடியக் கடை திறந்து, பனிக்குள்ள பாண் கொண்டுபோய்க் குடுத்து, ஞாயிற்றுக்கிழமை சிரிக்காமல் இருந்து பழகி, எனக்கெண்டு இருந்தது ஒரேயொரு தரவை. அதை நானே கும்பிட்டு அழிப்பிச்சுப்போட்டு நிக்கிறன். பலகை நாட்டின அண்டைக்கு நான் போகேல்லை, இடுப்புப் பிடிப்பு எண்டு சொல்லிப்போட்டன். அந்தாள் இப்ப கிழமைக்கு ஒருக்கா டொரொன்டோவில இருந்து ஃபோன். மகளைக் கேக்கிறாரோ, என்னைக் கேக்கிறாரோ? "சம்பந்தி, என்ர தரவையில மழையோ?" எண்டுதான் முதல் கேள்வி. என்ர தரவையாம்! மேப்பைச் சட்டம் போட்டு வீட்டு மண்டபத்தில மாட்டியிருக்கிறாராம். வாற போற ஆக்களுக்கெல்லாம் களுசான் கதை சொல்லுறாராம். சாரம் ஆற்ற எண்டு சொல்லுறாரோ தெரியாது.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. இன்னும் கொஞ்சம்தான்.

போன கிழமை எஃபி கடைக்குள்ள நிக்கிறா, நீங்கள் நிக்கிற இடத்திலதான். நான் அவவோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை, பாலை எடுத்து வைக்கிறதோட சரி. அவவுக்கு ஒரு ஃபோன் வந்தது, மறி ஆடு ஒண்டு சேத்துக்குள்ள தாண்டுபோச்சாம். அவ உடன மற்றப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஃபோன் அடிச்சுக் கத்துறா, "டிராக்டரைக் கொண்டு ஓடி வா! எங்கயோ? லோன் அன் ஊடிக்!" எண்டு.

நான் பால் போத்தலோட நிண்டன். "எஃபி, எங்க எண்டு சொன்னனி?"

"கேக்கேல்லையோ? லோன் அன் ஊடிக்."

"அதுக்கு இப்ப வேற பேரெல்லோ? பலகையில போட்டிருக்கெல்லோ?"

அவ என்னை ஒரு பார்வை பாத்தா, விசரனைப் பாக்கிற மாதிரி. "பலகை கப்பலில வாற ஆக்களுக்கு, ஷான். மேப்பும் அவைக்குத்தான். பாவம், அந்த மனுசன் ஆசைப்பட்டார், குடுத்தம். எங்களுக்கு ஏன் அது? நாங்கள் அதை உன்ர துணி எண்டுதான் சொல்லுவம். எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான் சொல்லும். உனக்குப் பிடிக்காட்டியும் ஒண்டும் செய்யேலாது. ஆடு தாழுது, நீ வாறியோ இல்லையோ?"

எனக்குக் கண் கலங்கிப்போச்சுது, தம்பி. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில நிண்டனான், அதாலயும் இருக்கலாம். கடையைப் பூட்டாமலே ஓடினன். அந்த ஆட்டை நான்தான் முன்னங்கால் ரெண்டிலயும் பிடிச்சு இழுத்தது, சேறு கழுத்து வரைக்கும். வீட்டை வந்து தவத்திட்டச் சொன்னன், எங்கட பேர் போகேல்லையடி எண்டு. அவ உடுப்பைக் கழட்டிப் பின்னுக்குப் போடுங்கோ, உள்ளுக்கு வராதேங்கோ எண்டா.

சம்பந்திக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. அவர் அங்க சந்தோசமாய் இருக்கட்டும், கலியாணமும் நல்லாய் நடக்கட்டும். நீங்களும் ஃபேஸ்புக்கில போட்டுக்கீட்டு வைக்காதேங்கோ.

சரி, உங்களுக்குப் பாதை. வெளியில இறங்கி வலக்கைப் பக்கம், கோயிலைத் தாண்டி நடவுங்கோ. அங்கால ரெண்டு பாதை பிரியும், கேக்காமல் போகேலாது. அந்த மேப்பை மடிச்சுப் பைக்குள்ள வையுங்கோ. அதில இருக்கிற பேரைக் கேட்டால், தெரியாத மாதிரி முழிப்பினம். முதல் காணுற ஆளை மறிச்சு, லோன் அன் ஊடிக் எங்க எண்டு கேளுங்கோ. எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம். இல்லையில்லை, தொண்டையில இருந்து வரவேணும். இன்னொருக்கா. ஆ, போதும், அப்பிடித்தான்.

கேட்டவுடன ஒரு சிரிப்புச் சிரிப்பினம். பேந்து கையை நீட்டிப் பாதையைச் சரியாய்க் காட்டுவினம். நீங்கள் குழம்பாதேங்கோ, தம்பி. அந்தச் சிரிப்பு நான்தான்.